எட்டாயிரம் பேரான சாவிக்காரர்

சாவிக்காரர் தம் வாழ்நாளில் அரசாங்கத்திடம் ஒரே ஒரு முறை உண்மையைச் சொன்னார். அதற்கு அவர் பட்டது நாய் படாத பாடு.

அவருடைய கடை என்பது அவர் வீட்டு முன்னறைதான். பலகையைத் தூக்கினால் கடை, இறக்கினால் வீடு. சாவி வெட்டும் இயந்திரம் ஒன்று, பல் தேய்ந்த அரங்கள் சில, ஆணிகளில் கொத்துக் கொத்தாக வெற்றுச் சாவிகள். பழைய மில்லுக்குப் பின்னால் இருக்கும் அந்தக் குடியிருப்பில் முக்கால்வாசிப் பூட்டுகளுக்கு மாற்றுச் சாவி அவர் கையால் வெட்டியது. மனிதர் எழுந்திருப்பது ஒன்பது மணிக்கு. அதற்கு முன் அவரை எழுப்ப எந்தச் சாவியாலும் முடியாது.

அவர் மனைவி வேறு ரகம். விடியுமுன் எழுந்து, ஐந்து மணிக்கு வரும் முதல் பஸ்ஸைப் பிடித்து, ஊரின் மறுகோடியில் இருக்கும் பெரிய ஆஸ்பத்திரிக்குப் போவாள். அங்கே சலவைப் பிரிவில் வேலை. ஆறு மணிக்குக் கைரேகை வைத்தாக வேண்டும். மூன்று முறை தாமதமானால் நான்காவது முறை வரவே வேண்டாம் என்பது அங்கே சட்டம். முதல் பஸ்ஸை விட்டால் அடுத்த பஸ் ஏழேகாலுக்கு. ஆக, அந்த பஸ் இருந்தால் வேலை உண்டு, இல்லாவிட்டால் இல்லை.

ஒரு நாள் சாயங்காலம் அவள் வேலையிலிருந்து திரும்பியதும் செருப்பைக்கூடக் கழற்றாமல் கைபேசியை நீட்டினாள். பஸ் நிறுத்தத்தில் ஒட்டியிருந்த அறிவிப்பைப் படம் எடுத்திருந்தாள். சாவிக்காரர் கண்ணாடியைத் தேடுவதற்குள் அவளே படித்தாள்.

“பொதுமக்கள் கவனத்திற்கு. மாதிரிக் கணக்கெடுப்பு இயக்ககம் நடத்திய ஆய்வின்படி இவ்வட்டாரத்தில் முதல் பேருந்து தேவைப்படுவோர் நூற்றுக்கு மூன்று பேர் மட்டுமே. இந்த முடிவில் பிழைக்கு இடமில்லை. எனவே அடுத்த மாதம் முதல் தேதியிலிருந்து காலை ஐந்து மணிப் பேருந்து நிறுத்தப்படுகிறது.”

படித்துவிட்டு நிமிர்ந்தாள். “நூத்துக்கு மூணு பேரா? தினமும் ஒரு கால்ல நின்னுட்டுப் போறேன், இன்னொரு காலை வைக்க இடம் கிடையாது. யாரைக் கேட்டாங்களாம்?”

சாவிக்காரர் கையிலிருந்த அரத்தை மெதுவாகக் கீழே வைத்தார். போன மாதம் ஒரு நாள் பதினொரு மணி வாக்கில் கையில் டேப்லெட்டோடு ஒரு பெண் வந்து நின்றது ஞாபகம் வந்தது.

“என்னைத்தான் கேட்டாங்கன்னு நினைக்கிறேன்.”

“என்னன்னு?”

“ஆறு மணிக்கு முன்னாடி பஸ்ல போற பழக்கம் உண்டான்னு.”

“நீங்க என்ன சொன்னீங்க?”

“இல்லைன்னு சொன்னேன். எனக்குத்தான் இல்லையே.”

“நான் போறேனே!”

“வீட்டுக்கு ஒருத்தர்தான்னு சொல்லிட்டாங்க. வீட்ல இருந்தது நான்தான். போகும்போது கதவுல ஒரு நம்பர் சீட்டு ஒட்டிட்டுப் போனா அந்தப் பொண்ணு.”

மனைவி அவரையே பார்த்தாள். “ஊர்ல எத்தனையோ பேர் பொய் சொல்லிப் பிழைக்கிறாங்க. நீங்க உண்மையைச் சொல்லி என் வேலைக்கு உலை வெச்சுட்டீங்க. நாளைக்கே போய் அந்தப் பதிலை மாத்திட்டு வாங்க. மாத்தாம வந்தீங்க, உள்ள தாழ்ப்பாள் போட்டுருவேன். தாழ்ப்பாளுக்குச் சாவி கிடையாது, ஞாபகம் இருக்கட்டும்.”

மறுநாள் கடைப் பலகையை இறக்கிவிட்டு, கதவில் ஒட்டியிருந்த எண்ணை உள்ளங்கையில் எழுதிக்கொண்டு கிளம்பினார்.

மாதிரிக் கணக்கெடுப்பு இயக்ககம் ஏழு மாடிக் கட்டடம். வாசலுக்கு மேலே ‘ஒரு பானைச் சோற்றுக்கு ஒரு சோறு பதம்’ என்று தங்க எழுத்தில் பொறித்திருந்தது. அதன் கீழே மின்விளக்கில் ஒரு பலகை: ‘எமது இன்றைய பிழை: 0.16 சதவீதம்.’ தொழிற்சாலைகளில் விபத்து நடந்து எத்தனை நாள் ஆயிற்று என்று எழுதிவைப்பார்களே, அந்த மாதிரி. தினமும் பத்து மணிக்கு ஊழியர்கள் எல்லோரும் இந்தப் பலகையின் முன்னால் நிற்பார்கள். ஒலிபெருக்கி எண்ணை வாசிக்கும். எண் சின்னதாக இருந்தால் கைதட்டுவார்கள், இன்னும் சின்னதாக இருந்தால் இன்னும் பலமாகத் தட்டுவார்கள். தட்டி முடித்த களைப்பில் பதினொரு மணிவரை வேலை ஓடாது. சாவிக்காரர் சரியாக அந்த நேரத்தில் போய்ச் சேர்ந்தார்.

விசாரணை மேசையில் ஒரு பெண் உட்கார்ந்திருந்தாள். அவர் உள்ளங்கையை நீட்ட, எண்ணைக் கணினியில் தட்டினாள். திரையைப் பார்த்தாள். அவரைப் பார்த்தாள். அவர் முதுகுக்குப் பின்னால் எட்டிப் பார்த்தாள். பிறகு எழுந்து ஜன்னல் வழியாக முற்றத்தையும் பார்த்துவிட்டு வந்தாள்.

“மத்தவங்க எல்லாம் எங்க?”

“எந்த மத்தவங்க?”

“நீங்க எட்டாயிரத்து நானூத்திப் பன்னிரண்டு பேர்னு வருது.”

சாவிக்காரரும் ஒருமுறை திரும்பிப் பார்த்தார். குடை வைக்கும் வாளி மட்டும்தான் இருந்தது. தான் ஒரே ஆள்தான் என்றும், அதுவே அதிகம் என்பது தன் மனைவியின் அபிப்பிராயம் என்றும் சொன்னார்.

அந்தப் பெண் பொறுமையாக விளக்கினாள். “உங்க பக்கம் எங்க ஆளு வந்தப்ப எல்லாக் கதவும் பூட்டு. திறந்தது உங்க கதவு ஒண்ணுதான். அதனால திறக்காத கதவுக்கெல்லாம் சேர்த்து உங்களையே போட்டுட்டோம். இதுக்கு எடைன்னு பேரு. உங்க எடை எட்டாயிரத்து நானூத்திப் பன்னிரண்டு.”

உள்ளதைச் சொன்னால், சாவிக்காரருக்கு ஒரு நிமிடம் நெஞ்சு நிமிர்ந்தது. இத்தனை பேரை நம்பி அவரிடம் யாரும் ஒப்படைத்ததில்லை. அடுத்த நிமிடமே விஷயம் உறைத்தது.

“அந்தக் கதவெல்லாம் ஏன் பூட்டியிருந்துச்சு தெரியுங்களா? எல்லாரும் அஞ்சு மணி பஸ்ல வேலைக்குப் போயிட்டாங்க!”

“அந்தக் கேள்வி எங்க படிவத்துல இல்லைங்க.”

“சரி, என் பதிலையாவது மாத்துங்க. எங்க வீட்டுக்கு அந்த பஸ் வேணும்.”

“மாத்தலாமே. பதில் சொன்ன அத்தனை பேரும் கையெழுத்துப் போடணும். எட்டாயிரத்து நானூத்திப் பன்னிரண்டு கையெழுத்து.”

“யார் யாருன்னு சொல்லுங்க, வாங்கிட்டு வரேன். எல்லார் வீட்டுப் பூட்டும் எனக்குப் பழக்கம்.”

“அதைச் சொல்ல முடியாது, ரகசியம்.” குரலைத் தாழ்த்தினாள். “எங்களுக்கே தெரியாது.”

துணை இயக்குநரைப் பார்க்கச் சொல்லி ஒரு சீட்டு எழுதிக் கொடுத்தாள். பார்வையாளர் எண்ணிக்கை என்ற இடத்தில் 8412 என்று போட்டாள். அந்த ஒரே வரியில் அவளுடைய மேசைக்கு அந்த வருஷத்து இலக்கு நிறைவேறிவிட்டது. முகம் மலர்ந்து, “அடிக்கடி வாங்க” என்றாள்.

லிப்ட்காரர் சீட்டை வாங்கிப் பார்த்துவிட்டுக் கையை விரித்தார். “எட்டு பேருக்கு மேல ஏத்தக் கூடாது. படியில போங்க. வரிசையா போங்க, தள்ளுமுள்ளு வேண்டாம்.”

சாவிக்காரர் தள்ளுமுள்ளு இல்லாமல் ஐந்து மாடி ஏறினார்.

துணை இயக்குநரின் அறையில் ஜன்னல் ஓரம் முழுக்க வெள்ளிக் கோப்பைகள். மிகக் குறைந்த பிழைக்கான விருதை வருஷா வருஷம் அவரே வாங்குவதால், துடைப்பதற்கென்றே ஓர் ஆள் போட்டிருந்தார்கள். சீட்டைப் பார்த்ததும் அவர் எழுந்து கைகூப்பினார். உட்காரச் சொல்ல வாயெடுத்தார். எட்டாயிரம் நாற்காலிக்கு நிதி ஒதுக்கீடு இல்லை என்பது ஞாபகம் வந்தது போலிருக்கிறது, சும்மா இருந்துவிட்டார். சாவிக்காரர் நின்றார்.

“உங்களைப் பத்தித்தான் ஊரெல்லாம் சொல்லிட்டிருக்கேன்” என்று ஆரம்பித்தார் துணை இயக்குநர். “இந்த நாட்டுல ரெண்டு பேர் ஒரு விஷயத்துல ஒத்துப்போறது எவ்வளவு கஷ்டம்! எங்க வீட்ல நாலு பேர், நாலு திசை. ஆனா உங்க பகுதியைப் பாருங்க. எட்டாயிரத்து நானூத்திப் பன்னிரண்டு பேர். ஒரே கேள்வி, ஒரே பதில். ஒருத்தர்கூட மாத்திச் சொல்லலையே! முப்பது வருஷ அனுபவத்துல இப்படி ஒரு ஒற்றுமையை நான் பார்த்ததில்லை.”

“சார், சொன்னதே நான் ஒருத்தன்தான். ஒருத்தன் எப்படி சார் மாத்திச் சொல்வான்?”

“அது உங்க பணிவு.”

“சார், நான் சாவி வெட்றவன். ஒரு சாவியை எட்டாயிரம் நகல் வெட்டினாலும் அது ஒரே பூட்டைத்தான் திறக்கும். மத்த பூட்டு பூட்டினபடிதான் இருக்கும்.”

துணை இயக்குநர் பேனாவை எடுத்து அதைக் குறித்துக்கொண்டார். கண்கள் மின்னின. “ஆகா! ஒரு பூட்டு, எட்டாயிரம் சாவி! ஒண்ணு உடைஞ்சா இன்னொண்ணு. அப்படின்னா அந்தப் பூட்டு திறக்காமப் போக வாய்ப்பே இல்லை. பிழைக்கு இடமில்லைங்கறதை இவ்வளவு அழகா யாரும் சொன்னதில்லை. நாளை மறுநாள் ஆண்டு விழா. இயக்குநர் உரையில இதைச் சேர்க்கச் சொல்றேன். நீங்களும் வந்துருங்க, உங்களை மேடையில கௌரவிக்கணும். எங்க வரலாற்றிலேயே அதிக எடையுள்ள பதிலாளர் நீங்கதான்.”

செவிடன் காதில் ஊதிய சங்காகப் போயிற்று. “சார், எனக்கு கௌரவம் வேண்டாம். உங்க கணக்குல எங்கேயோ பிழை இருக்கு. அதை யார்கிட்ட சொல்றது?”

அந்தச் சொல்லைக் கேட்டதும் துணை இயக்குநரின் முகம் சுருங்கியது. “பிழை பத்திப் பேசணும்னா கீழ்த்தளத்துக்குப் போங்க. அங்க ஒருத்தங்க இருக்காங்க. ஜாக்கிரதையா பேசுங்க.”

கீழ்த்தளத்தில், ஜெனரேட்டருக்கும் உடைந்த நாற்காலிகளின் குவியலுக்கும் நடுவே ஒரு மேசை போட்டு ஒரு பெண் அதிகாரி உட்கார்ந்திருந்தார். கட்டடம் முழுக்க அவரைப் பிழையம்மா என்றுதான் கூப்பிடுவார்கள். முப்பத்தைந்து வயதுதான் இருக்கும், ஆனால் ஜெனரேட்டர் சத்தத்துக்கு மேலே பேசிப் பேசிக் குரல் கட்டிப்போயிருந்தது.

“உட்காருங்கண்ணா. நீங்கதான் அந்த எட்டாயிரமா?”

“நான் ஒருத்தன்தான் மேடம்.”

பிழையம்மா பேனாவைக் கீழே வைத்தார். “இந்தக் கட்டடத்துல அந்த வாக்கியத்தைச் சொன்ன முதல் ஆள் நீங்கதான்” என்றார். அவருக்குக் கண் கலங்கியது.

பிறகு விஷயத்தை உடைத்துச் சொன்னார். “உங்க வட்டாரத்துல பன்னிரண்டாயிரம் பேர். நாங்க கேட்டது நாற்பத்தோரு பேரை. மத்த நாற்பது பேர் ஆளுக்குச் சுமார் தொண்ணூறு பேருக்காகப் பேசறாங்க. நீங்க மட்டும் எட்டாயிரத்துச் சொச்சம் பேருக்கு. எடை போட்டதைக்கூட விட்டுருவேன். கேட்காத ஆளுக்காக யாராவது பேசித்தானே ஆகணும்? அடுத்து செஞ்சதுதான் அநியாயம். எத்தனை பேர் பதில் சொன்னாங்கன்னு கம்ப்யூட்டர் கேட்குது. நாற்பத்தோரு பேர், இன்னாருக்கு இவ்வளவு எடைன்னு சொல்லணும். இவங்க எடையெல்லாம் கூட்டி, பன்னிரண்டாயிரம் பேர் நேர்ல வந்து பதில் சொன்னதா போட்டுட்டாங்க. அத்தனை பேரைக் கேட்டா பிழை கடுகளவுதானே வரும்?”

“பிழைன்னா தப்புதானே மேடம்? அது கடுகளவு இருந்தா நல்லதுதானே?”

“தப்பு இல்லைண்ணா. வேற நாள் போய் வேற நாற்பத்தோரு கதவைத் தட்டியிருந்தா இந்த மூணுங்கற பதில் எவ்வளவு ஆடியிருக்கும்? அதுக்கு ஒரு அளவு இருக்கு. திட்டப் பிழைன்னு பேரு. நமக்கு எவ்வளவு தெரியாதுன்னு நாமே ஒத்துக்கறது அது. அதைச் சின்னதாக் காட்டினா எல்லாம் தெரிஞ்ச மாதிரி ஆயிடும். முழுப் பூசணிக்காயைச் சோத்துல மறைக்கிற வேலை.”

“வாசல்ல ஒரு சோறு பதம்னு எழுதியிருக்கே?”

“பானையைக் கிளறிட்டு எடுத்தா பதம்தான். கிளறாம, மூடியில ஒட்டிக்கிட்டிருந்த ஒரு பருக்கையை எடுத்துப் பார்த்துட்டு மொத்த சோறும் இப்படித்தான்னு சொன்னா?”

பிழையம்மா அதைச் சரியாகப் போட்டுப் பார்த்திருந்தார். ஒவ்வொருவராக எடுத்துவிட்டு, மிச்சம் இருப்பவர்களை வைத்து மறுபடி கணக்குப் போடுவார். யாரை எடுத்தால் பதில் எவ்வளவு ஆடுகிறது என்று பார்ப்பார். மற்ற நாற்பது பேரில் யாரை எடுத்தாலும் பெரிதாக ஒன்றும் ஆகவில்லை. சாவிக்காரரை எடுத்ததும் மொத்தக் கட்டடமும் ஆடியது. அப்படிப் போட்டதில் பிழை ஏழு சதவீதம் வந்தது. “மூணுங்கறது பதினஞ்சுக்கு மேலேயும் போகலாம். இவ்வளவு ஏற்ற இறக்கமான எடையோட கேட்டா, நாற்பத்தோரு பேரைக் கேட்டதாவே அர்த்தம் இல்லை. ரெண்டு பேரைக் கேட்டதுக்குச் சமம். ரெண்டு பேரைக் கேட்டுட்டு ஒரு பஸ்ஸை நிறுத்தறாங்க!”

“இதை மேல சொல்லலையா மேடம்?”

அவர் மேசைக் கண்ணாடிக்கு அடியில் இருந்த மெமோவைக் காட்டினார். ‘சக ஊழியர்களின் பிழை 0.16 ஆக இருக்கையில், தாங்கள் மட்டும் 7 பிழை செய்துள்ளீர்கள். இது நாற்பது மடங்குக்கும் அதிகம். இத்தகைய கவனக்குறைவுக்கு விளக்கம் தருக.’ பிழையம்மா மூன்று பக்கம் விளக்கம் எழுதினார். ‘விளக்கத்திலும் பிழை குறையவில்லை’ என்று குறிப்பெழுதி அதைத் திருப்பி அனுப்பிவிட்டு, மேசையையும் கீழ்த்தளத்துக்கு அனுப்பிவிட்டார்கள்.

“விழாவுல உங்ககிட்ட மைக் குடுப்பாங்கண்ணா. ஒண்ணே ஒண்ணு கேளுங்க. என்னை எடுத்துட்டுக் கணக்குப் போட்டுக் காட்டுங்கன்னு கேளுங்க. நான் கேட்டா மெமோ வரும். நீங்க எட்டாயிரம் பேர், அத்தனை மெமோ அடிக்க இவங்ககிட்ட பேப்பர் இல்லை.”

ஆண்டு விழா பெரிய அரங்கில் நடந்தது. பேருந்துக் கழகத்து அதிகாரிகள், பத்திரிகைக்காரர்கள் எல்லோரும் வந்திருந்தார்கள். துணை இயக்குநர் இன்னொரு கோப்பை வாங்கினார். பிறகு இயக்குநர் பேச எழுந்தார். கனத்த உடம்பு, அதைவிடக் கனத்த குரல்.

“யானைக்கும் அடி சறுக்கும்னு சொல்வாங்க. நமக்குச் சறுக்கலை. ஏன்? நாம நடக்கறதே இல்லை!” கைதட்டல். “மக்கள்கிட்ட போய்க் கேட்டாத்தான் பிழை வரும். நாம கொஞ்சம் பேரைக் கேட்டு, நிறைய பேரைக் கேட்டதா எண்ணிக்கறோம். இதனால செலவும் மிச்சம், பிழையும் மிச்சம். போன வருஷம் நூறு பேரைக் கேட்டோம். இந்த வருஷம் நாற்பத்தொண்ணு. பிழை கொஞ்சமாவது கூடிச்சா? இல்லை. வருங்காலத்துல யாரையுமே கேட்காம, பிழையே இல்லாம ஒரு முடிவைச் சொல்ல முடியும்ங்கற நம்பிக்கை எனக்கு இருக்கு.” அரங்கம் எழுந்து நின்று தட்டியது.

சாவிக்காரருக்குப் பூங்கொத்து கொடுத்தார்கள். மைக்கும் கொடுத்தார்கள். தாழ்ப்பாளுக்குச் சாவி கிடையாது என்பது அவருக்கு ஞாபகம் வந்தது.

“ஐயா, ஒரே ஒரு வேண்டுகோள். என்னை எடுத்துட்டு அந்தக் கணக்கை ஒரு தடவை போட்டுக் காட்டுங்க.”

பத்திரிகைக்காரர்கள் நிமிர்ந்தார்கள். இயக்குநர் சிரித்தார். “தாராளமா! பிழையில்லாத கணக்கு எதுக்கு பயப்படணும்? போடுங்க திரையில.”

திரையில் மூன்று என்றிருந்த எண் பத்து ஆயிற்று. அரங்கில் யாரோ இருமினார்கள்.

“இப்ப என்னைத் திரும்ப வெச்சு, என் பதிலை ஆமான்னு மாத்திப் போடுங்க.”

பத்து என்பது எழுபத்து மூன்று ஆயிற்று.

ஒரு மனிதர் வாயைத் திறந்து மூடியதில் நூற்றுக்கு மூன்று எழுபத்து மூன்றாக ஏறி நிற்கிறது. சாவிக்காரர் கடைசி வரிசையைப் பார்த்தார். பிழையம்மா இரண்டு கைகளையும் இறுக்கிக் கோத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். முடிந்தது, ஜெயித்துவிட்டோம் என்றே சாவிக்காரர் நினைத்தார். பாவம்.

துணை இயக்குநர்தான் முதலில் எழுந்தார். “ஐயா, ஓரத்துல பிழையைக் கவனிங்க. முதல் விடைக்கு 0.16. ரெண்டாவதுக்கு அரை. மூணாவதுக்கு அரைக்கும் கீழே. மூணுமே அரை சதவீதத்தைத் தாண்டலை!”

இயக்குநர் திரையை உற்றுப் பார்த்தார். மெல்ல மெல்ல அவர் முகத்தில் வெளிச்சம் பரவியது. “அப்படின்னா மூணுமே சரி!”

“மூணுமே மிகச் சரி ஐயா.”

“மத்த நாட்டுல எல்லாம் ஒரு கேள்விக்கு ஒரு சரியான விடை கண்டுபிடிக்கவே திணர்றாங்க. நாம ஒரே மேடையில மூணு கண்டுபிடிச்சிருக்கோம்!” என்றார் இயக்குநர். முன்வரிசை கைதட்டத் தொடங்கியது. பேருந்துக் கழகத்து அதிகாரிகளும் தட்டினார்கள். தட்டாதது இரண்டே பேர்தான்.

இருந்தாலும் மூன்று விடையை வைத்துக்கொண்டு ஒரு பஸ்ஸை என்ன செய்வது? ஆகக் கடைசியாக வந்த விடையே செல்லும் என்று அங்கேயே முடிவாயிற்று. மறுநாள் பத்திரிகைகளில், ‘ஒரே நாளில் எட்டாயிரம் பேர் மனமாற்றம்’ என்று வந்தது. முதல் பஸ் பிழைத்தது. மனைவி செய்தியைப் படித்துவிட்டு, பல வருஷங்களுக்குப் பிறகு அவரைக் கொஞ்சம் மரியாதையாகப் பார்த்தாள்.

அந்த மரியாதை ஒரு வாரம்கூட நீடிக்கவில்லை, இயக்ககத்திலிருந்து உத்தரவு வந்தது. பஸ் தேவை என்று சொன்ன எட்டாயிரத்து நானூற்றுப் பன்னிரண்டு பேரும் அதில் உண்மையிலேயே போகிறார்களா என்று தினமும் சரிபார்க்கப்படும். ஒரு நாள் வராவிட்டாலும் பஸ் நிறுத்தப்படும்.

“அதாவது நான் போகணும்” என்றார் சாவிக்காரர்.

“போங்க” என்றாள் மனைவி. “ஒரு நாளாவது சூரியன் எந்தப் பக்கம் உதிக்குதுன்னு பாருங்க.”

அன்றிலிருந்து தினமும் நாலரைக்கு எழுந்தார். நிறுத்தத்தில் கையில் டேப்லெட்டோடு நின்றது பிழையம்மாதான். அவரை இந்த வேலைக்குத் தூக்கியடித்திருந்தார்கள். பஸ் வரும்போதே பிதுங்கிக்கொண்டு வரும். பஞ்சு ஆலைக்குப் போகிறவர்கள், ஆஸ்பத்திரி கூட்டுகிறவர்கள், மீன் இறக்குகிறவர்கள், காவல் வேலைக்காரர்கள் எல்லோரும் முண்டியடித்து ஏறுவார்கள். அவர்கள் யாரும் கணக்கில் கிடையாது. கடைசியாகச் சாவிக்காரர் படியில் ஒரு காலை வைத்ததும் பிழையம்மா ஒரு பொத்தானை அழுத்துவார். எட்டாயிரத்து நானூற்றுப் பன்னிரண்டு பேர் ஏறியாயிற்று என்று பதிவாகும்.

“எல்லாரும் ஏறியாச்சா?” என்பார் நடத்துநர்.

“ஏறியாச்சு” என்பார் பிழையம்மா, வேறு எங்கோ பார்த்துக்கொண்டு.

சாவிக்காரர் ஆஸ்பத்திரிவரை போய் மனைவியை இறக்கிவிட்டு, அதே பஸ்ஸில் திரும்புவார். பழகாத உடம்பு. கடையைத் திறந்து கொஞ்ச நேரம் சமாளிப்பார். பத்து மணிக்கு மேல் கண் தாங்காது. பலகையை இறக்கி, கதவைச் சாத்திக்கொண்டு மத்தியானம்வரை தூங்குவார். போனால் போகட்டும், பஸ் ஓடுகிறது, அவள் வேலை நிற்கிறது. அது போதும் என்றிருந்தார்.

ஆறு மாதம் கழித்து ஒரு சாயங்காலம் மனைவி மறுபடியும் செருப்பைக் கழற்றாமல் கைபேசியை நீட்டினாள். இந்த முறை அவள் படித்துக் காட்டவில்லை. அவரே கண்ணாடியைத் தேடி எடுத்துப் படித்தார். புதிய ஆய்வின்படி முதல் பேருந்து தேவைப்படுவோர் நூற்றுக்கு இரண்டு பேர். பிழைக்கு இடமில்லை. அடுத்த மாதம் முதல் தேதி.

மறுநாள் அவர் இயக்ககத்துக்கு ஓடினார். வாசல் பலகையில் பிழை 0.13 ஆகியிருந்தது. விசாரணை மேசைப் பெண் எண்ணைத் தட்டிப் பார்த்தாள். இப்போது எட்டியெல்லாம் பார்க்கவில்லை.

“போன வாரம் பதினொரு மணிக்கு எங்க ஆளு வந்தாங்க. உங்க கதவு பூட்டியிருந்ததா போட்டிருக்கு.”

“தூங்கிட்டிருந்தேன்மா. உங்க உத்தரவுப்படி நாலரைக்கு எழுந்த களைப்பு!”

“உங்க பக்கத்துல ஒரே ஒரு கதவுதான் திறந்திருக்கு. யாரோ ஒருத்தரோட மைத்துனர், ஊர்ல இருந்து ரெண்டு நாள் தங்க வந்தவராம். பஸ்ல போற பழக்கம் இல்லைன்னு சொல்லியிருக்கார்.”

“அவர் எங்களுக்காக எப்படிப் பேசலாம்? நான் இதோ இருக்கேன்ல? ஆமான்னு எழுதிக்கோங்க!”

“நீங்க ஏற்கெனவே இல்லைன்னு சொல்லிட்டீங்களே.”

“நான் சொல்லலை!”

“அவர் சொன்ன எட்டாயிரத்து நானூத்திப் பன்னிரண்டு பேர்ல நீங்களும் ஒருத்தர்” என்றாள் அவள், பழைய அதே பொறுமையோடு. “துணை இயக்குநரைப் பார்க்கணும்னா பாருங்க. இந்தத் தடவை லிப்ட்ல போகலாம்.”

அவர் லிப்டில் போகவில்லை. மேலே என்ன சொல்வார்கள் என்று அவருக்குத் தெரியும். ஆத்திரத்தை யார் மேல் காட்டுவது என்று தெரியவில்லை. வீட்டுக்கு வந்தார். கதவில் புதிதாக ஒரு சீட்டு ஒட்டியிருந்ததை அப்போதுதான் கவனித்தார். ‘வந்தோம். பூட்டியிருந்தது.’ ஊரில் பாதிக் கதவுகளைத் திறக்கத் தெரிந்த மனிதர் தன் கதவின் முன்னால் அதைப் படித்துக்கொண்டு நின்றார்.

முதல் தேதிக்கு முந்தின நாள், துவைத்த துணிகளை மடித்து வைத்துவிட்டு மனைவி கடிகாரத்தை எடுத்தாள். நாலரையில் இருந்த அலார முள்ளைத் திருகி மூன்றுக்கு வைத்தாள். ஆஸ்பத்திரிக்கு நடந்து போக அவ்வளவு நேரம் பிடிக்கும்.

“எனக்கும் சேர்த்துதானே வெச்சே?” என்றார் சாவிக்காரர்.

“நீங்க எதுக்கு? உங்களை எண்ண இனிமே அங்க யாரும் நிக்க மாட்டாங்க.”

“தெரியும்” என்றார். “நாம ரெண்டு பேர்தானே. நானே எண்ணிக்கிறேன்.”